குதிகாலில் முள் வளர்ந்திருக்கிறதாம்

குதிகால் வலி என்று கடைக்கு வருகிறவர்கள் பலர் எக்ஸ்ரே கவரையும் கையோடு கொண்டுவருகிறார்கள். படத்தை உருவி, டியூப்லைட் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, குதிகால் எலும்பின் அடியில் முன்பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கும் கூரான நுனியைக் காட்டுவார்கள். "எலும்பு வளர்ந்திருக்காம்ண்ணே. இதைக் கரைக்கிறதுக்கு ஏதாவது மாத்திரை இருக்கா?"

கும்பகோணத்தில் ஜவுளிக் கடைகள் நெருங்கிய ஒரு தெருவில் மருந்தாளுநராக வேலை பார்க்கிறேன். காலையில் ஷட்டரைத் தூக்கியதிலிருந்து இரவு கணக்கு முடிக்கும்வரை கவுண்டருக்குப் பின்னால் நிற்கிற வேலை. எங்கள் தெருவில் எல்லோருக்குமே அப்படித்தான். துணி விரித்துக் காட்டுகிறவர்கள், ஓட்டல் சப்ளையர்கள், பாத்திரக் கடைப் பையன்கள், வாசலில் கும்பிடு போட்டு அழைக்கிற பெரியவர்கள், எல்லோரும் காலை ஊன்றிப் பிழைக்கிறவர்கள். குதிகால் வலி எனக்கும் வந்தது. ஏறக்குறைய ஒரு வருஷம் இருந்துவிட்டுப் போனது. வைத்தியம் சொல்ல நான் மருத்துவர் இல்லை. ஆனால் கூட்டத்துக்கு நடுவே இரண்டு நிமிஷத்தில் சொல்லி முடிக்க முடியாததை எல்லாம் ஒரே இடத்தில் எழுதி வைக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை.

முதலில் அந்த முள். அதைக் கரைக்க மாத்திரை கிடையாது. கரைக்க வேண்டிய அவசியமும் இல்லை. ரிப்போர்ட்டில் "கால்கேனியல் ஸ்பர்" என்று எழுதியிருக்கும் இந்த எலும்பு நுனி, வலியே இல்லாமல் நடமாடுகிற எத்தனையோ பேர் காலிலும் இருக்கிறது. வேறு காரணத்துக்காகப் பாதத்தை எக்ஸ்ரே எடுக்கும்போது தற்செயலாகத் தெரியும். கடுமையாக வலிக்கிற பலருக்கோ எக்ஸ்ரேயில் ஒன்றுமே இருக்காது. இன்னொன்று: வலி முழுக்கப் போன பிறகு எக்ஸ்ரே எடுத்தாலும் முள் அதே இடத்தில், அதே அளவில் இருக்கும். ஆக, வலிக்கும் முள்ளுக்கும் நேரடிக் கணக்கு இல்லை.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம், முள் என்ற சொல் மனிதர்களை என்ன செய்கிறது என்று தினமும் பார்ப்பதுதான். உள்ளே ஒரு ஊசி நின்று சதையைக் குத்துகிறது என்று மனசில் படம் விழுந்துவிட்டால், அவர் நடப்பதையே விட்டுவிடுகிறார். நடைப்பயிற்சி நிற்கிறது, எடை ஏறுகிறது, சர்க்கரை இருந்தால் அதுவும் ஏறுகிறது. ஆபரேஷன் செய்து முள்ளை வெட்டினால்தான் விடிவு என்று நம்பி, அதற்குப் பயந்து, வலி மாத்திரையிலேயே காலத்தை ஓட்டுகிறார். உண்மையில் நோவது எலும்பு இல்லை என்று ஒருவர் முன்னாடியே விளக்கிச் சொல்லியிருந்தால் இதில் பாதித் துன்பம் வந்திருக்காது.

சரி, நோவது எது? குதிகால் எலும்பின் அடியிலிருந்து புறப்பட்டு, உள்ளங்கால் முழுக்க ஓடி, விரல்களின் அடிப்பகுதியில் போய்ச் சேரும் ஒரு தடித்த பட்டை இருக்கிறது. பிளான்டர் ஃபேசியா என்று பெயர். பாதத்தின் வளைவை வில் என்று வைத்துக்கொண்டால் இதுதான் நாண். உட்கார்ந்து ஒரு காலை மறு தொடைமேல் போட்டு, கட்டைவிரலை முழங்கால் பக்கமாக மேலே இழுத்துப் பாருங்கள். உள்ளங்காலின் உட்புறத்தில் ஒரு கயிறு விறைத்து எழும்புவதை விரலால் தொட்டு உணரலாம். அதுதான் அது. நடக்கும்போது குதிகாலைத் தூக்கி முன்னங்காலை ஊன்றும் ஒவ்வொரு முறையும் கட்டைவிரல் இப்படி மடங்கி, பட்டை இறுகி, வளைவு உயர்ந்து, பாதம் உறுதியாகிறது. இந்த ஏற்பாட்டை ஹிக்ஸ் என்கிற ஆய்வாளர் 1954-ல் தெளிவாக எழுதிவைத்தார். ஒவ்வொரு அடிக்கும் ஒரு இழுப்பு. ஒரு நாளில் எத்தனை அடி என்று யோசித்துப் பாருங்கள்.

அந்த இழுப்பு முழுவதும் போய்ச் சேரும் இடம் குதிகால் எலும்பில் பட்டை ஒட்டியிருக்கும் முனை. குதிகாலின் அடியில், கொஞ்சம் உட்பக்கமாக, முன்பக்கமாக. தாங்கும் அளவைவிட அதிகமாக, ஓய்வு கொடுக்காமல் இழுத்துக்கொண்டே இருந்தால் அந்த முனையில் நார்கள் நைந்துபோகின்றன. மருத்துவர்கள் இதை பிளான்டர் ஃபேசியைட்டிஸ் என்கிறார்கள். "ஐட்டிஸ்" என்று முடிந்தால் அழற்சி என்று பொருள். ஆனால் 2003-ல் வெளியான ஓர் ஆய்வில், அறுவை சிகிச்சையில் எடுத்த 50 பேரின் திசுக்களை நுண்ணோக்கியில் பார்த்தபோது அழற்சியின் அடையாளம் தெரியவில்லை. நார்கள் சிதைந்து ஒழுங்கு குலைந்திருந்ததுதான் தெரிந்தது. மருந்துக் கடைக்காரனான எனக்கு இது பெரிய விஷயம். அழற்சியைக் குறைக்கும் வலி மாத்திரைகளை நம்பி மாதக்கணக்கில் ஓட்டுவது ஏன் சரிவருவதில்லை என்பதற்கு இதுவும் ஒரு காரணம். சில நாள் தாங்க முடியாத வலிக்கு மருத்துவர் எழுதிக் கொடுத்தால் சாப்பிடலாம். ஆனால் அந்த மாத்திரைகள் வயிற்றைப் புண்ணாக்கும், ரத்த அழுத்தத்தை ஏற்றும், சிறுநீரகத்தைப் பாதிக்கும். "போன தடவை எழுதிக் கொடுத்ததுதான், இன்னும் ரெண்டு அட்டை குடுங்க" என்று கேட்பவர்களிடம் புதுச் சீட்டு கேட்பது அதனால்தான்.

இந்த வலியின் முகவரி காலையில் கட்டிலை விட்டு இறங்கும் முதல் அடி. தூங்கும்போது பாதம் கீழ்நோக்கித் தொங்கி, பட்டை சுருங்கிய நிலையில் இரவு முழுக்க இருக்கிறது. இறங்கி ஊன்றியதும் உடம்பின் எடை முழுவதும் அதை ஒரே இழுப்பில் இழுக்கிறது. சுவரைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டிப் பாத்ரூம் வரை போனால் கொஞ்சம் இளகும். பிறகு சமாளிக்கலாம். அரைமணி நேரம் உட்கார்ந்து எழுந்தால் மறுபடி அந்த முதல் அடி வலி. சாயங்காலம் ஆக ஆக வேறு மாதிரி, கனத்துப் போய் எரிகிற வலி. இந்தக் கதையை ஒருவர் சொல்லி, குதிகாலின் உள்முன் பக்கத்தில் மருத்துவர் கட்டைவிரலால் அழுத்தும்போது காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டால் பெரும்பாலும் வேறு பரிசோதனை தேவைப்படுவதில்லை. சந்தேகம் இருந்தால் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுப்பார்கள். பட்டையின் தடிமன் 4 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் அது நைந்து வீங்கியிருக்கிறது என்று அர்த்தம்.

யாருக்கு வருகிறது என்பதில் அதிகம் ஒளிவு மறைவு இல்லை. 40-லிருந்து 60 வயதுக்குள் அதிகம். கெண்டைக்கால் தசை இறுகிப்போய்க் கணுக்கால் மேல்நோக்கி மடங்காதவர்கள், உடல் எடை கூடியவர்கள், வேலை நேரத்தில் பெரும்பகுதி நிற்கிறவர்கள் என்ற மூன்றும் ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வருகின்றன. திடீரென்று ஓட ஆரம்பித்தவர்களுக்கும் வரும். ஜனவரியில் நடைப்பயிற்சி தொடங்கி, முதல் வாரமே பழைய கேன்வாஸ் ஷூவில் ஆறு கிலோமீட்டர் போனவர்கள் பிப்ரவரியில் எங்கள் கடைக்கு வருவார்கள்.

ஆனால் குதிகாலில் வருவதெல்லாம் இந்த வலி இல்லை. இங்கேதான் மருத்துவரைப் பார்ப்பது முக்கியமாகிறது. வலி அடியில் இல்லாமல் பின்பக்கம், ஷூ உரசும் இடத்தில் இருந்தால் அது கெண்டைக்கால் தசையைக் குதிகால் எலும்போடு இணைக்கும் அக்கிலிஸ் தசைநாணின் பிரச்சினையாக இருக்கலாம். அப்படிப்பட்டவர் சிப்ரோஃப்ளாக்சசின், லீவோஃப்ளாக்சசின் மாதிரி ஆன்டிபயாடிக் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அந்த வகை மருந்துகள் தசைநாணைப் பலவீனப்படுத்தி அறுந்துபோகச் செய்யக்கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008-லேயே கட்டம் கட்டி எச்சரித்திருக்கிறது. குதிகாலை இரண்டு பக்கமும் உள்ளங்கையால் நெருக்கினால் உயிர் போகிற மாதிரி வலித்தால் எலும்பில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஓய்வில் இருக்கும்போதும் இரவிலும் வலித்தால், காய்ச்சல் இருந்தால், காரணமில்லாமல் எடை குறைந்தால் தள்ளிப்போடவே கூடாது. எரிச்சலும் மரத்துப்போவதும் சேர்ந்து இருந்தால் நரம்பு அகப்பட்டிருக்கலாம், சர்க்கரையின் வேலையாகவும் இருக்கலாம்.

இளவயதுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. 25, 30 வயதில் இரண்டு குதிகாலும் வலிக்கிறது, காலையில் எழுந்தால் முதுகும் இடுப்பும் அரைமணி நேரத்துக்கு மேல் விறைத்திருக்கிறது, நடமாடினால் சரியாகிறது, எப்போதாவது கண் சிவந்து வலித்தது என்றால், அது காலோடு முடிகிற விஷயம் இல்லை. ஆங்கிலோசிங் ஸ்பான்டிலைட்டிஸ் போன்ற முதுகெலும்பு வாத நோய்கள் குதிகாலில் தலைகாட்டுவது உண்டு. மூட்டுவாத நிபுணரைப் பார்க்க வேண்டும். சீக்கிரம் பிடித்துவிட்டால் இன்று நல்ல மருந்துகள் இருக்கின்றன. எட்டிலிருந்து பதினான்கு வயதுப் பிள்ளைகள் விளையாடிவிட்டுக் குதிகால் வலி என்று அழுதால் அது பெரும்பாலும் வளரும் எலும்பின் நுனியில் வருகிற தற்காலிக வலி. விளையாட்டைக் கொஞ்சம் குறைத்தால் தானாகப் போகும்.

யூரிக் ஆசிட் பற்றி ஒவ்வொரு வாரமும் யாராவது கேட்கிறார்கள். யூரிக் ஆசிட் கூடினால் வரும் கவுட் வழக்கமாகக் கட்டைவிரல் மூட்டில்தான் தொடங்கும், சிவந்து வீங்கிப் போர்வை பட்டால்கூடத் துடிக்க வைக்கும். காலை முதல் அடியில் மட்டும் வலிக்கிற குதிகாலுக்கு அது காரணமாக இருப்பது அபூர்வம். ரத்தப் பரிசோதனைத் தாளில் எண் கொஞ்சம் கூட இருக்கிறது என்பதற்காகப் பருப்பையும் பயறையும் நிறுத்திவிட்டு உட்கார வேண்டாம்.

வைத்தியத்துக்கு வருவோம். இதில் முதல் செய்தி ஆறுதலானது, ஆனால் பொறுமை கேட்பது. பத்தில் எட்டு ஒன்பது பேருக்கு ஊசியோ கத்தியோ இல்லாமலே ஒரு வருஷத்துக்குள் சரியாகிவிடுகிறது. யாரும் வாரக் கணக்கை எதிர்பார்க்கக் கூடாது.

எனக்குக் கைகொடுத்தது இரண்டு பயிற்சிகள். முதலாவது, மேலே சொன்ன அதே இழுப்பு. படுக்கையை விட்டு இறங்குவதற்கு முன்னால், வலிக்கிற காலை மறு தொடைமேல் போட்டு, கால்விரல்களின் அடியைப் பிடித்து முழங்கால் பக்கம் இழுக்க வேண்டும். இன்னொரு கையால் உள்ளங்காலைத் தடவினால் பட்டை விறைத்திருப்பது தெரிய வேண்டும். பத்து எண்ணும்வரை பிடித்து, விட்டு, பத்து முறை. நாளைக்கு மூன்று வேளை. 2003-ல் வந்த ஓர் ஆய்வு இந்த இழுப்பை, வெறும் கெண்டைக்கால் இழுப்போடு ஒப்பிட்டுப் பார்த்தது. எட்டு வாரத்தில் இதைச் செய்தவர்களுக்கே காலை வலி நன்றாகக் குறைந்திருந்தது. செலவு ஒரு பைசா இல்லை. ஆனால் முதல் அடி வைப்பதற்கு முன் செய்வதுதான் இதன் உயிர். எழுந்து காபி குடித்துவிட்டுச் செய்தால் அன்றைய கிழிசல் நடந்து முடிந்திருக்கும்.

இரண்டாவது, வலு ஏற்றுவது. மாடிப்படியின் விளிம்பில் முன்னங்காலை வைத்து, விரல்களுக்கு அடியில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்து, குதிகாலை மெதுவாக உயர்த்த வேண்டும். ஏற மூன்று நொடி, மேலே இரண்டு நொடி, இறங்க மூன்று நொடி. ஒருநாள் விட்டு ஒருநாள். டென்மார்க்கில் செய்த ஆய்வில் இதை ஒற்றைக் காலில் செய்யச் சொன்னார்கள், போகப்போக முதுகில் பை மாட்டி எடையும் கூட்டினார்கள். மூன்று மாதத்தில் வித்தியாசம் தெரிந்தது. ஆரம்பத்தில் வலித்தால் இரண்டு காலாலும் செய்யலாம். கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளுங்கள். நைந்த நார் தன்னைத் திரும்பக் கட்டிக்கொள்வதற்கு அளவான பாரம் தேவை. ஒரேயடியாக ஓய்வெடுத்தால் வலி அடங்கும், பட்டை மட்டும் பலவீனமாகவே இருக்கும். திரும்ப நிற்கப் போனால் திரும்ப வரும்.

அப்புறம் நம்ம ஊர் செங்கல் ஒத்தடம். செங்கல்லை அடுப்பில் சுட வைத்து, அதன்மேல் எருக்க இலைகளை அடுக்கி, குதிகாலை வைத்து வைத்து எடுப்பது. சூடு இதமாக இருக்கும், தசை இளகும், ஒத்தடம் முடிந்த கொஞ்ச நேரத்துக்கு நடப்பது சுலபமாகும். அதை நான் மறுக்க மாட்டேன். எருக்கம்பால் கண்ணில் பட்டால் கருவிழி பாதிக்கப்படும், கையை நன்றாகக் கழுவ வேண்டும். ஆனால் சர்க்கரை நோயாளிகள் மட்டும் தயவுசெய்து அந்தப் பக்கமே போக வேண்டாம். ஒருநாள் ஒரு பெரியவர் குதிகால் முழுக்கக் கொப்புளத்தோடு வந்தார். பேரன் காட்டித்தான் அவருக்கே தெரிந்திருக்கிறது. "சூடு அவ்வளவு இல்லையே தம்பி, இலைதான் கருகுச்சு" என்றார். கால் மரத்துப்போயிருந்தது அவருக்குத் தெரியாது. மருந்து எதுவும் கொடுக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வைத்தோம்.

உணர்ச்சியற்ற பாதத்தைப் பற்றிப் பேசும்போது வேலூரைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1946-ல் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் கால் தானாக அழுகுவதில்லை, வலி தெரியாததால் ஒரே இடத்தில் விழும் அழுத்தமே புண்ணாகிறது என்று காட்டினார். அந்த அழுத்தத்தைப் பாதம் முழுக்கப் பரப்பிவிட, நுண்ணிய காற்றறைகள் கொண்ட மென்ரப்பரில் செருப்பு செய்யும் வேலை வேலூரிலும் பக்கத்துக் கரிகிரியிலும் வளர்ந்தது. இன்று டாக்டர்கள் சீட்டில் எழுதும் எம்.சி.ஆர். செருப்பு அதுதான். தொழுநோயாளிக்காகப் பிறந்த பொருள் சர்க்கரை நோயாளிக்கும், குதிகால் வலிக்காரருக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. வாங்கும்போது மேல் தட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். அமுங்கி, கையை எடுத்ததும் திரும்ப எழ வேண்டும். அடித்தட்டு உறுதியாக இருக்க வேண்டும். மேலும் கீழும் ஒரே பஞ்சாக இருந்தால் மூன்று மாதத்தில் தட்டையாகிவிடும். சிலிக்கான் குதிகால் கப் கடையில் இருக்கிறது, சிலருக்கு நன்றாக உதவுகிறது, ஷூ போடுகிறவர்களுக்குத்தான் பொருந்தும்.

செருப்பு வாங்குவது சுலபம், அதை வீட்டுக்குள் போட வைப்பதுதான் கஷ்டம். டைல்ஸும் கிரானைட்டும் போட்ட சமையலறையில் வெறுங்காலோடு மணிக்கணக்கில் நிற்கிற பெண்களுக்குத்தான் இந்த வலி விட்டுப் போக மறுக்கிறது. அடுப்படியில் செருப்பா என்று மாமியார் முகம் சுளிக்கிறார் என்கிறார்கள். வெளியே ஒருநாளும் போடாத, கழுவி வைத்த ஒரு ஜோடியை வீட்டுக்கென்றே தனியாக வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். என் அம்மாவிடமே இதற்கு ஒரு மாதம் வாதாட வேண்டியிருந்தது.

ஸ்டீராய்டு ஊசி சில வாரங்களுக்கு நல்ல நிவாரணம் தரும், மகள் கல்யாணத்துக்கு நிற்க வேண்டும் என்பது போன்ற நெருக்கடியில் அது பயன்படும். திரும்பத் திரும்பப் போட்டால் பட்டை அறுந்துபோகவும், குதிகாலின் கொழுப்பு மெத்தை தேய்ந்துபோகவும் வாய்ப்பு இருக்கிறது. ஆறு மாதம் ஒழுங்காகப் பயிற்சி செய்தும் தீராதவர்களுக்கு, வெளியிலிருந்து கருவியால் குதிகாலுக்குள் அதிர்வுகளைச் செலுத்தும் அதிர்வலை (ஷாக்வேவ்) சிகிச்சை இருக்கிறது. அறுவை சிகிச்சை கடைசி, மிகச் சிலருக்கு.

இவ்வளவும் சொல்லிவிட்டு, பட்டுப் பிரிவில் வேலை பார்க்கும் ஓர் அக்காவைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை முழுமையாகாது. எங்கள் தெருவில் உள்ள ஒரு கடையில் இருபது வருஷமாக இருக்கிறார். பட்டுப் பிரிவில் செருப்புக்கு அனுமதி இல்லை. வெள்ளை விரிப்புக்குக் கீழே பளிங்குத் தரை. பயிற்சியை எழுதிக் கொடுத்தேன், காலையில் செய்கிறார். "வலி குறைஞ்சிருக்கு தம்பி. ஆனா மத்தியானத்துக்கு மேல பழையபடி ஆயிடுது" என்றார். கூட்டம் இல்லாத நேரத்தில் உட்காரலாமே என்று கேட்டேன். "எதுல உட்காருறது? கீழ உட்கார்ந்தா கேமராவுல பார்த்துட்டு சூப்பர்வைசர் மேல வந்துடுவார்."

அவருடைய குதிகாலுக்கு வேண்டிய மருந்து என் அலமாரியில் இல்லை. ஒரு ஸ்டூல் வேண்டும். பகலில் பத்து நிமிஷம், பத்து நிமிஷமாக அந்தப் பட்டைக்கு இழுப்பிலிருந்து விடுதலை வேண்டும். கோழிக்கோட்டில் ஜவுளிக் கடைப் பெண்கள் இதற்காகவே போராடினார்கள். விஜி என்ற தையல்காரர் தொடங்கிய பெண்கூட்டு அமைப்பு முதலில் கழிப்பறைக்காகவும் பிறகு உட்காரும் உரிமைக்காகவும் நின்றது, 2018-ல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாடு 2021 செப்டம்பரில் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, எல்லா ஊழியர்களுக்கும் இருக்கை வசதி செய்து தர வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்கார முடிய வேண்டும் என்று எழுதியது. அக்காவுக்கு அப்படி ஒரு சட்டம் இருப்பதே தெரியாது. கூட வேலை பார்க்கிறவர்களுக்கும் தெரியாது. இப்போது தெரியும். எல்லோருமாகச் சேர்ந்து முதலாளியிடம் பேசப் போகிறார்கள், ஒவ்வொரு பிரிவுக்கும் இரண்டு ஸ்டூல் என்றுதான் கேட்கப் போகிறார்கள்.

உங்கள் கடையிலும் இருக்கை இல்லை என்றால் தொழிலாளர் உதவி ஆய்வாளர் அலுவலகத்தில் எழுதிக் கொடுக்கலாம். மனுவில் பிரிவு 22-ஏ என்று குறிப்பிட்டு எழுதுங்கள்.